ஒரே ரயில் தடத்தில் ஒரு கிடாரின் கதை

டோக்கியோவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ட்சுகிஜியைத் தவறவிடுவதில்லை. உலகப் புகழ்பெற்ற மீன் ஏலம் 2018-ல் டொயோசு என்ற இடத்துக்கு மாறிவிட்டாலும், வெளிச்சந்தை அப்படியேதான் இருக்கிறது. சுடச்சுட முட்டைப் பொரியல், வாட்டிய சிப்பி, கத்திக் கடைகள் என்று காலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால், நம் கால்கள் தானாக நின்றுவிடும்.

எதிரே நிற்பது ஜப்பானியக் கோயில் மாதிரியே இல்லை. மரத்தூண்கள் இல்லை, வளைந்த ஓட்டுக்கூரை இல்லை. கல்லால் ஆன பெரிய கட்டடம்; முகப்பில் அஜந்தா குகை வாசலில் பார்த்த அதே அரசிலை வடிவ வளைவு; இருபுறமும் ஸ்தூபி போன்ற கோபுரங்கள்; வாசலில் சிறகு முளைத்த சிங்கங்கள். உள்ளே படிக்கட்டுக் கைப்பிடிகளில் யானையும் குரங்கும் குதிரையும் கல்லில் உட்கார்ந்திருக்கின்றன. ஏதோ நம்மூருக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

இதுதான் ட்சுகிஜி ஹோங்கான்ஜி. 1617-ல் அசாகுசா பக்கம் தொடங்கிய புத்தக் கோயில். 1657-ல் டோக்கியோவையே விழுங்கிய பெருந்தீயில் எரிந்து, கடலைத் தூர்த்து உருவாக்கிய இந்த நிலத்துக்கு வந்தது. 'ட்சுகிஜி' என்றால் அதுதான் பொருள். தூர்த்து எடுத்த நிலம். 1923 பூகம்பத்தில் மறுபடியும் நாசமாகி, 1934-ல் இப்போதைய உருவத்தில் எழுந்தது. வடிவமைத்தவர் இத்தோ சூத்தா என்ற கட்டடக் கலைஞர். 1902 முதல் 1905 வரை சீனா, பர்மா, இந்தியா, துருக்கி என்று நாடு நாடாகச் சுற்றியவர். புத்தம் பிறந்த மண்ணின் சாயலிலேயே புத்தர் கோயில் இருக்கட்டும் என்று கட்டிவிட்டார்.

பிரதான மண்டபத்தில் ஏறக்குறைய 2,000 குழல்கள் கொண்ட ஆர்கன் ஒன்று இருக்கிறது. புத்தர் சந்நிதியில் ஆர்கன் இருப்பதே வியப்பு. அதைவிட வியப்பு, அதே மண்டபத்தில் ஓர் ஓரமாக வைத்திருக்கும் ஒரு படம். இளஞ்சிவப்புத் தலைமுடி, குறும்புச் சிரிப்பு. பக்கத்தில் பார்வையாளர்கள் எழுதுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம். துறவியும் இல்லை, கோயிலுக்குக் கொடையளித்த செல்வந்தரும் இல்லை. அவர் ஒரு ராக் கிடாரிஸ்ட். பெயர் ஹிடே.

ஒரே தடம், மூன்று நிறுத்தங்கள்

இந்தக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஹிகாஷி கின்சா சுரங்க ரயில் நிலையம். அங்கே வரும் அசாகுசா லைன் ரயில்களில் சில, டோக்கியோவைத் தாண்டியதும் 'கெய்க்யூ' என்ற தனியார் ரயில் தடத்தில் சேர்ந்துகொண்டு தெற்கே மியுரா தீபகற்பத்தின் முனைவரை போகின்றன. அந்தத் தடத்தில்தான் ஹிடே பிறந்த ஊர் யோகோசுகா. அதே தடத்தின் கடைசி ஸ்டேஷனுக்கு முந்தைய ஸ்டேஷனில் இறங்கினால் அவருடைய சமாதி. ஊர், இறுதிச் சடங்கு நடந்த கோயில், சமாதி என ஒரு மனிதரின் வாழ்க்கை மொத்தமும் ஒரே ரயில் பாதையில் அடங்கிவிடுவது அபூர்வம். ஒருநாள் போதும், பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

ஹிடேயின் இயற்பெயர் ஹிடெத்தோ மட்சுமோட்டோ. 1964 டிசம்பர் 13-ல் பிறந்தார். 1998 மே 2-ல் இறந்தார். வயது 33. நம் ஊரில் அவர் பெயர் அதிகம் தெரியாது. ஆனால், ஜப்பானிய அனிமே பார்க்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் 'விஷுவல் கேய்' என்று சொல்லிப் பாருங்கள். வண்ண வண்ண முடி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, அலங்கார உடை என்று மேடையேறும் ஜப்பானிய இசைக்குழுக்களின் பாணிக்குத்தான் அந்தப் பெயர். அந்தப் பாணியை நாடு முழுக்கக் கொண்டுபோன குழு எக்ஸ் ஜப்பான். அந்தக் குழுவின் கிடாரிஸ்ட்களில் ஒருவர் ஹிடே. 'விஷுவல்' என்ற சொல்லே அவர்களுடைய 1989 ஆல்பமான 'ப்ளூ பிளட்' அட்டையில் இருந்த வாசகத்திலிருந்து பிறந்ததுதான்.

போர்க்கப்பல்களுக்கு நடுவில் ஒரு ஊர்

யோகோசுகா சூவோ ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கும்போது ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு கேட்கும். இந்த ஊரில் வளர்ந்த பாடகி மொமோயே யாமாகுச்சியின் 'யோகோசுகா ஸ்டோரி' பாட்டின் மெட்டு அது. தன் பிள்ளைகளின் பாட்டை ஸ்டேஷனிலேயே ஒலிக்கவிடும் ஊர் இது.

ஆனால், யோகோசுகாவின் அடையாளம் கடற்படைதான். 1853-ல் அமெரிக்க கமடோர் பெர்ரி கறுப்புப் புகை கக்கும் கப்பல்களோடு வந்து, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பூட்டிக்கிடந்த ஜப்பானின் கதவைத் தட்டியது இந்தக் கரையோரத்தில்தான். பக்கத்தில் உள்ள குரிஹாமாவில் அவர் கரையிறங்கினார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் லியோன்ஸ் வெர்னி என்ற பிரெஞ்சு எஞ்சினீயரின் மேற்பார்வையில் இங்கே கப்பல் கட்டும் தளம் எழத் தொடங்கியது. அவர் பெயரில் இருக்கும் வெர்னி பூங்காவில் ரோஜாச் செடிகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்தால், எதிரே கறுத்த முதுகோடு நீர்மூழ்கிக் கப்பல்கள் மிதந்துகொண்டிருக்கும். ரோஜாவையும் நீர்மூழ்கியையும் ஒரே போட்டோவில் பிடிக்கிற இடம் உலகத்தில் அதிகம் இருக்காது. 1905-ல் ரஷ்யக் கடற்படையைத் தோற்கடித்த அட்மிரல் தோகோவின் கப்பல் 'மிகாசா'வும் இந்த ஊர்க் கரையில்தான் அருங்காட்சியகமாக நிற்கிறது.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தோற்றதும் இந்தத் துறைமுகம் அமெரிக்கக் கடற்படையின் கைக்குப் போனது. இன்றும் அமெரிக்காவின் ஏழாவது கப்பல் படைப்பிரிவுக்கு இதுதான் தளம். விமானந்தாங்கிக் கப்பல் இங்கே நிற்கிறது. தளத்தின் வாசலுக்கு எதிரே ஓடுகிற தெருவின் பெயர் டோபுயிட்டா. 'டோபு' என்றால் சாக்கடை, 'இட்டா' என்றால் பலகை. தெரு நடுவே ஓடிய சாக்கடையைப் பலகை போட்டு மூடி நடைபாதை ஆக்கியதால் வந்த பெயர்.

அந்தத் தெருவில் இன்றைக்கும் வரிசையாகத் தொங்கும் பொருள் 'சுகாஜான்' எனப்படும் பளபளப்பான ஜாக்கெட். முதுகில் கழுகு, புலி, டிராகன் என்று பெரிய எம்பிராய்டரி. போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நினைவுப் பொருளாக உருவானது. கிமோனோவுக்குப் பூத்தையல் போட்ட கைகளே, அமெரிக்க பேஸ்பால் ஜாக்கெட்டில் டிராகன் வரைந்தன. வெற்றி பெற்றவனின் உடையில் தோற்றவனின் கைவேலை. யோகோசுகாவில் எதை எடுத்தாலும் இப்படி இரண்டு நாடு ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருக்கும்.

சாப்பாடும் அப்படித்தான். 'யோகோசுகா கடற்படைக் கறி' என்ற பலகை ஊர் முழுக்கத் தெரியும். தமிழ்ச் சொல்லான 'கறி' ஆங்கிலேயர் வாயில் 'கர்ரி' ஆகி, பிரிட்டிஷ் கடற்படையின் கப்பலேறி, ஜப்பானியக் கடற்படைக்கு வந்து சேர்ந்தது. வெறும் வெள்ளையரிசிச் சோற்றையே நம்பியிருந்த மாலுமிகள் பெரிபெரி நோயில் விழுந்த காலம் அது. இறைச்சி, காய்கறி, கோதுமை என உணவை மாற்ற வேண்டிய கட்டாயத்தில் கறியும் தட்டுக்கு வந்தது. 1908-ல் வெளியான கடற்படைச் சமையல் கையேட்டில் இதன் செய்முறை இருக்கிறது. அந்தச் செய்முறையை ஒட்டித்தான் இன்றும் சமைக்கிறார்கள். கோதுமை மாவு வறுத்துச் சேர்த்த கெட்டிக் குழம்பு, சோறு. கூடவே ஒரு சாலட், ஒரு டம்ளர் பால். நம் நாக்குக்குக் காரம் பத்தாது. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்து நம் சொல்லைத் தட்டில் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே!

பாட்டி வாங்கித் தந்த கிடார்

இந்தக் கலவை ஊரில்தான் ஹிடே வளர்ந்தார். மேடையில் ஒல்லியாக, நளினமாக நின்ற அந்த மனிதர் சிறுவயதில் குண்டுப் பையன். பள்ளியில் கேலிக்கு ஆளானவர். நடுநிலைப் பள்ளி நாள்களில் 'கிஸ்' என்ற அமெரிக்க ராக் குழுவின் 'அலைவ்' ஆல்பம் அவர் கைக்கு வந்தது. முகம் முழுக்கச் சாயம் பூசிக்கொண்டு மேடையில் தீ கக்கும் குழு அது. தன் முகம் தனக்கே பிடிக்காத வயதில், 'முகத்தை நீயே வரைந்துகொள்ளலாம்' என்று யாரோ சொன்னதுபோல இருந்திருக்க வேண்டும்.

15 வயதில் அவருக்கு முதல் எலெக்ட்ரிக் கிடார் கிடைத்தது. வாங்கித் தந்தவர் பாட்டி. சாதாரணப் பழகு கிடார் இல்லை. அமெரிக்கத் தயாரிப்பான கிப்சன் லெஸ் பால் டீலக்ஸ். 1980-ல் ஜப்பானில் ஒரு பள்ளி மாணவனின் கையில் அது இருந்தது என்றால், நம்மூரில் ப்ளஸ் ஒன் பையனுக்குப் பாட்டி புல்லட் வாங்கித் தந்தது மாதிரி.

1981-ல் ஊர் நண்பர்களோடு 'சேவர் டைகர்' என்ற குழுவைத் தொடங்கினார். யோகோசுகாவின் 'ராக் சிட்டி' போன்ற சிறிய அரங்குகளில் வாசித்தார்கள். ஜப்பானில் இந்த மாதிரி இடங்களுக்கு 'லைவ் ஹவுஸ்' என்று பெயர். நின்றுகொண்டே பார்க்கிற கூட்டம், தாழ்வான கூரை, காதைப் பிளக்கும் சத்தம். பெரும்பாலான ஜப்பானிய ராக் குழுக்கள் பிறப்பதும், யாருக்கும் தெரியாமல் முடிந்துபோவதும் இங்கேதான்.

பையன் கிடாரை மட்டும் நம்பியிருக்கவில்லை. பள்ளி முடித்ததும் டோக்கியோ ரொப்பொங்கியில் அழகுக்கலைப் பள்ளியில் சேர்ந்து, முடி திருத்தும் அழகுக்கலை நிபுணருக்கான அரசுத் தேர்விலும் தேறினார். சேவர் டைகரில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. ஒருவர் போனால் இன்னொருவர். 1987 ஜனவரியில் குழு கலைந்தது. 'போதும், இனி கத்தரிக்கோல்தான்' என்று இசையை விட்டுவிடும் யோசனையில் இருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் எக்ஸ் குழுவின் தலைவர் யோஷிகி அழைத்தார்.

இங்கே கொஞ்சம் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். டோக்கியோ விரிகுடாவின் மேற்குக் கரையில் யோகோசுகா. கிழக்குக் கரையில், சிபா மாநிலத்தின் முனையில் டாடேயாமா. எக்ஸ் குழுவின் டிரம்மரும் பியானோ கலைஞருமான யோஷிகியும், பாடகர் தோஷியும் அந்த ஊர்க்காரர்கள். சின்ன வயதுத் தோழர்கள். ஒரே கடலின் இரண்டு கரைகளில் வளர்ந்த பையன்கள் டோக்கியோவில் சந்தித்தார்கள்.

எக்ஸ் குழுவில் கிடாரோடு இன்னொரு வேலையும் ஹிடேயைத் தேடி வந்தது. ஆறடிக்கு எழுப்பி நிறுத்திய முடியும், மேடை அலங்காரமும் அவர்களின் முத்திரை. அழகுக்கலை படித்த ஆள் குழுவிலேயே இருந்தால் விடுவார்களா? வீணாகப் போகும் என்று நினைத்த படிப்பு, ஒரு நாட்டின் ஃபேஷனையே மாற்றியது.

உச்சமும் அதன் சுமையும்

'ப்ளூ பிளட்' 1989-ல், 'ஜெலஸி' 1991-ல். டோக்கியோ டோம் என்ற பிரமாண்ட பேஸ்பால் அரங்கையே நிரப்பும் குழுவாக அவர்கள் உயர்ந்தார்கள். அமெரிக்காவில் எக்ஸ் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு குழு இருந்ததால், 1992-ல் எக்ஸ் ஜப்பான் ஆனார்கள். 1993-ல் வந்த 'ஆர்ட் ஆஃப் லைஃப்' ஒரே பாட்டு; 29 நிமிடம்.

குழுவின் பெரும்பாலான பாடல்கள் யோஷிகியுடையவை. அவை கம்பீரமும் கண்ணீருமாக இருக்கும். ஹிடே எழுதியவை வேறு ரகம். கிண்டல், கூத்து, துள்ளல். 'ஜோக்கர்' என்று அவர் ஒரு பாட்டுக்கு வைத்த பெயரே சொல்லும். அந்தக் குணம் முழுசாக வெளிப்பட்டது அவருடைய தனிப் பாதையில். 1993-ல் தனிப் பாடல்கள் வெளிவந்தன. 1994-ல் 'ஹைட் யுவர் ஃபேஸ்' ஆல்பம். ஆங்கில எழுத்தில் அவர் பெயரும் 'ஒளித்துக்கொள்' என்ற சொல்லும் ஒன்றேதான் என்பதை வைத்து விளையாடிய தலைப்பு. 1996-ல் 'சையன்ஸ்'. கிடாரோடு கம்ப்யூட்டர் ஒலிகளையும் கலந்து, அன்றைக்கு ஜப்பானியப் பாப் இசையில் புதிதாக ஒலித்த பாட்டுகள் அவை. மஞ்சள் நிறத்தில் இதயப் படங்கள் போட்ட அவருடைய ஃபெர்னாண்டஸ் கிடாரை ஜப்பானிய ரசிகர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வார்கள். அதைத் தயாரித்த கம்பெனி 2024-ல் இழுத்து மூடப்பட்டபோது, பலருக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மஞ்சள் கிடார்தான்.

தான் மேலேறிய பிறகு ஏணியை எடுத்துவிடாத மனிதர் என்றும் அவருக்குப் பெயர். 'லூனா ஸீ' என்ற இளம் குழுவை யோஷிகியின் இசை நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தவர் அவர். பின்னாளில் அவர்களும் டோக்கியோ டோமை நிரப்பினார்கள். அந்தக் குழுவின் சுகிஸோதான் 2009-ல் ஹிடே நின்ற இடத்தில் எக்ஸ் ஜப்பானின் கிடாரிஸ்ட் ஆனார்.

1995-ல் அரிய நோயால் அவதிப்பட்ட இளம் ரசிகை ஒருவரை, நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் அமைப்பின் மூலம் சந்தித்தார். பார்த்தோம், போட்டோ எடுத்தோம் என்று அது முடியவில்லை. நட்பாகத் தொடர்ந்தது. தானும் எலும்பு மஜ்ஜை தானம் செய்யப் பதிவு செய்துகொண்டார். சிவப்பு முடியும் கிழிந்த உடையுமாக இருக்கும் இந்த ஆளைப் பார்த்து முகம் சுளித்த பெற்றோர்கள் பலரை, அது ஒரு நிமிடம் யோசிக்க வைத்தது.

1997 செப்டம்பரில் எக்ஸ் ஜப்பான் கலைவதாக அறிவித்தது. டிசம்பர் 31 இரவு டோக்கியோ டோமில் கடைசிக் கச்சேரி. ஆனால், ஹிடே துவண்டு உட்காரவில்லை. நான்கே வாரத்தில், 1998 ஜனவரி 28-ல், 'ராக்கெட் டைவ்' வெளிவந்தது. 'ஸ்ப்ரெட் பீவர்' என்று புதுக் குழு. அமெரிக்காவில் 'ஸில்ச்' என்று இன்னொரு குழு. அடுத்த பாட்டுகளும் தயார்.

மே மாதத்தின் வரிசை

மே 2 காலை அந்தச் செய்தி வந்தது. தற்கொலை என்றது போலீஸ். குழு நண்பர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வருடக்கணக்காகக் கனமான கிடாரைச் சுமந்து இறுகிப்போன தோளுக்கும் கழுத்துக்கும் அவர் செய்துவந்த பயிற்சி ஒன்றில், மது அருந்திய நிலையில் நேர்ந்த விபத்து என்றார்கள். எழுதி வைத்த கடிதம் எதுவும் இல்லை. பாட்டுகள் வெளியாகக் காத்திருந்தன. இன்றுவரை ரசிகர்களில் பெரும்பாலானோர் நம்புவது நண்பர்கள் சொன்னதைத்தான்.

ஆனால், அந்த நாள்களில் விவாதத்துக்கு நேரம் இல்லை. சில இளம் ரசிகர்கள் துக்கம் தாளாமல் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். யோஷிகியும் மற்றவர்களும் வெளிப்படையாக வேண்டிக்கொண்டார்கள்: 'உயிரோடு இருங்கள்.' மே 7-ல் ட்சுகிஜி ஹோங்கான்ஜியில் இறுதிச் சடங்கு. சுமார் 50,000 பேர் திரண்டார்கள். மயங்கி விழுந்தவர்களுக்கு முதலுதவி செய்யவே தனிக் கூடாரங்கள் தேவைப்பட்டன. கோயிலுக்குள் யோஷிகி பியானோ வாசிக்க, தோஷி 'ஃபாரெவர் லவ்' பாடினார்.

ஜப்பானியர்கள் பொது இடத்தில் உணர்ச்சியைக் காட்டாதவர்கள் என்று பயணக் கையேடுகள் சொல்லும். அந்த நாள் அப்படி இருக்கவில்லை. பள்ளிச் சீருடையில் வந்தவர்கள், அவரைப்போலவே முடிக்குச் சாயம் அடித்து வந்தவர்கள் எல்லோரும் தெருவில் உட்கார்ந்து அழுதார்கள். 'யாரோ ஒரு பாட்டுக்காரனுக்காகவா?' என்று கேட்ட பெரியவர்களும் இருந்தார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம் இல்லை. பள்ளியில் கேலிக்கு ஆளாகி, வீட்டில் சொல்ல முடியாமல், அறைக் கதவை மூடிக்கொண்டு ஹெட்ஃபோனில் ஒருவர் குரலை மட்டும் துணையாக வைத்திருக்கும் பிள்ளைக்கு, அந்த மனிதர் 'யாரோ' இல்லை. குரல் நின்றுபோனால் துணையும் போகிறது. அப்போது 'இதற்கெல்லாமா அழுவார்கள்?' என்று சொல்வது அந்தப் பிள்ளையை இன்னும் தனியாக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, 'அந்தப் பாட்டை எனக்கும் போடு' என்று கேட்பது உதவும். அப்படி மனம் தளர்ந்து யாரேனும் நம் வீட்டில் இருந்தால், 104 அல்லது டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

இதில் அந்தக் கோயில் செய்த காரியத்தைப் பார்க்க வேண்டும். இறுதிச் சடங்கு முடிந்ததும் 'சரி, கிளம்புங்கள்' என்று கதவை மூடியிருக்கலாம். மாறாக, மண்டபத்திலேயே ஒரு மூலையை ஒதுக்கி, படமும் நோட்டும் வைத்தார்கள். அழுகிறவர்கள் வந்து எழுதினார்கள். வேறு ஊர்க்காரர் எழுதியதைப் படித்தார்கள். தன்னைப்போல இன்னும் பல பேர் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த மூலை இருக்கிறது. மே 2 வந்தால் இன்றும் பூக்களோடு வருகிறார்கள். அன்றைய பள்ளி மாணவிகளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது.

போன பிறகு வந்த பாட்டுகள்

அவர் இறந்து பதினோராவது நாள், ஏற்கெனவே திட்டமிட்டபடி 'பிங்க் ஸ்பைடர்' வெளிவந்தது. வானத்துக்கு ஆசைப்பட்ட ஒரு சிலந்தியின் கதை. தரவரிசையில் முதலிடம், விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது. மே 27-ல் 'எவர் ஃப்ரீ'. பாதியில் நின்ற ஆல்பத்தை, அவரோடு கூடவே உழைத்த ஐ.என்.ஏ. என்ற இசைக் கலைஞர் முடித்துக் கொடுக்க, நவம்பரில் 'ஜா, ஸூ' வந்தது. 2014-ல், அவர் குரலைக் கணினியில் மறுபடி உருவாக்கி, பாதியில் விட்ட இன்னொரு பாட்டையும் முடித்து வெளியிட்டார்கள். இறந்தவரின் குரலை இப்படி எழுப்பலாமா என்று அப்போதே விவாதம் நடந்தது. இன்றைய ஏ.ஐ. காலத்தில் நாம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை ஹிடே ரசிகர்கள் பத்து வருடம் முன்பே கேட்டுவிட்டார்கள்.

யோகோசுகாவும் தன் பிள்ளையை மறக்கவில்லை. 2000 ஜூலையில் இங்கே ஹிடே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கிடார்கள், உடைகள், கார் எல்லாம் வைத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு என்று தொடங்கியது, கூட்டம் குறையாததால் நீண்டு, 2005 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. இதே ஊர்க்காரரான ஜூனிசிரோ கொய்சுமி, 2001-ல் ஜப்பானின் பிரதமர் ஆனவர், வெளிப்படையான எக்ஸ் ஜப்பான் ரசிகர். அவர் கட்சியின் தேர்தல் விளம்பரத்திலேயே 'ஃபாரெவர் லவ்' ஒலித்தது.

இப்போது அருங்காட்சியகம் இல்லை. ஹிடேவைத் தேடி யோகோசுகா வருகிறவர்கள் அதனால் ஏமாற வேண்டாம். டோபுயிட்டாவில் தொங்கும் சுகாஜான் ஜாக்கெட்டின் பளபளப்பிலும், அமெரிக்கப் பாட்டையும் ஜப்பானிய மெட்டையும் ஒரே தட்டில் பரிமாறிய அவருடைய இசையிலும் தெரிவது ஒரே கைவேலைதான். ஊரை ஒரு மணி நேரம் சுற்றினாலே அது புரியும்.

கடைசிக்கு முந்தைய ஸ்டேஷன்

மறுபடி கெய்க்யூ ரயில். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கட்டடங்கள் குறைந்து, முட்டைக்கோஸ் தோட்டங்களும் பெருத்த வெள்ளை முள்ளங்கி வயல்களும் வரும். மியுரா முள்ளங்கி ஜப்பான் முழுக்கப் பிரசித்தம். மியுரா காய்கான் ஸ்டேஷனில் இறங்கினால் நேர் எதிரே கடற்கரை. பிப்ரவரியில் போனால் இன்னொரு பரிசு காத்திருக்கும். ஊரெல்லாம் ஏப்ரலுக்காகக் காத்திருக்க, இங்கே ரயில் பாதையோரம் நட்டிருக்கும் முன்பருவச் செர்ரி மரங்கள் அப்போதே இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்.

ஸ்டேஷனிலிருந்து டாக்சி பிடித்து 'மியுரா ரெய்யென்' என்றால் போதும், டிரைவர்களுக்குத் தெரியும். குன்றின் மேல் விரிந்த பெரிய கல்லறைத் தோட்டம். அங்கேதான் ஹிடே இருக்கிறார். சுற்றிலும் வேறு குடும்பங்களின் சமாதிகள் இருப்பதால், சத்தம் போடாமல், வைத்த பொருள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவது வழக்கம். ஜப்பானிய முறைப்படி கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, ஊதுவத்தி ஏற்றி, கைகூப்பினால் போதும். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் மனசு இருந்தால் இன்னொரு சிறு பயணமும் பாக்கி இருக்கிறது. பெர்ரி இறங்கிய குரிஹாமாவிலிருந்து எதிர்க்கரைக்கு ஃபெர்ரி போகிறது. நாற்பது நிமிடத்தில் டோக்கியோ விரிகுடாவைக் கடந்து கனாயா. அங்கிருந்து ரயில் பிடித்துத் தெற்கே போனால் டாடேயாமா. யோஷிகியும் தோஷியும் வளர்ந்த ஊர். அந்த ஸ்டேஷனில் ரயிலுக்காக ஒலிக்கும் மெட்டு, இறுதிச் சடங்கில் அவர்கள் இருவரும் நண்பனுக்காக வாசித்த அதே 'ஃபாரெவர் லவ்'. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சந்தைக்குப் போகிற பாட்டிகளும் அதைக் கேட்டுக்கொண்டே ரயிலேறுகிறார்கள்.